சிகார் பாக்ஸ் கிட்டார் ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா? பெட்டிக்கு உள்ள பாக்காம காசு கட்டாதீங்க (எனக்கு 185 டாலர் போச்சு)

இன்னும் கோவம் அடங்கல, அதனால அப்படியே கொட்டுறேன் மக்களே.

நான் ஹூஸ்டன்ல இருக்கேன். இங்க சிகார் கடையில காலி மரப்பெட்டி சில டாலருக்கே கிடைக்கும், அதுல ஒரு கட்டைய மாட்டி மூணு கம்பி கட்டுனா சிகார் பாக்ஸ் கிட்டார் ரெடி. நானே செய்யலாம்னு ஆரம்பிச்சேன், நெக்க (கம்பி மேல ஓடுற அந்த நீளக் கட்டைய) பெட்டியில எப்படி மாட்டுறதுங்கறதுலதான் குழப்பம். நல்லா செஞ்ச ஒண்ண கையில வச்சுப் பாத்துட்டு செய்யலாம்னு கைவினைப் பொருள் விக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல ஒண்ணு ஆர்டர் போட்டேன். 185 டாலர்.

முன்னாடியே விக்கிறவன்கிட்ட கேட்டேங்க, த்ரூ நெக்தானான்னு, அதாவது நெக் கட்டை பெட்டிக்குள்ள முழுசா ஊடுருவிப் போகுதான்னு. "ஆமா, ஒரே மேப்பிள் கட்டை, பெட்டிய ஊடுருவி பின்னாடி வரைக்கும் போகுது"ன்னு பதில் போட்டு, பெட்டியோட பின்பக்கம் கட்டை முனை நீட்டிட்டு இருக்குற போட்டோவும் அனுப்புனான். அந்த போட்டோவப் பாத்துதான் நம்பிக் காசு கட்டுனேன்.

வந்தப்ப நல்லாதான் வாசிச்சுது. மூணு கம்பியையும் ஜி, டி, ஜி ஸ்வரத்துல ட்யூன் பண்ணி வச்சிருந்தேன், கொஞ்ச நாள்லயே கம்பி ஃப்ரெட்டுல (நெக் மேல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை) இருந்து மேல ஏற ஆரம்பிச்சுது, நெக் முன்னாடி சாஞ்சு, பெட்டியோட சேர்ற இடத்துல ஏடிஎம் கார்டு நுழையுற அளவுக்கு இடைவெளி. மூடிய ஆணி அடிச்சு பசையும் போட்டு ஒட்டியிருந்தான், நெம்பித் திறந்தேன். உள்ள கட்டையே இல்ல! நெக் பெட்டிச் சுவரோட நின்னுருச்சு, உள்பக்கமிருந்து ரெண்டு ஸ்க்ரூ, சுத்தி ஹாட் க்ளூ (சூடாக்கி உருக்கி ஒட்டுற பசை), அவ்ளோதான். பின்னாடி நீட்டிட்டு இருந்தது தனியா ஒட்டுன ரெண்டு இன்ச் துண்டு, போட்டோவுக்காகவே வச்சது. மூணு கம்பி சேந்து 60 பவுண்டுக்கு மேல இழுக்கும், அத அந்த மெல்லிசான பெட்டிச் சுவர் எப்படித் தாங்கும்? கட்டையோட வெட்டுமுனையில ஏத்துன ஸ்க்ரூ பிடிக்காது, பசையும் சரியா ஒட்டாது, இது மர வேலை செய்யுற யாருக்கும் தெரியும், அவனுக்கும் நல்லாவே தெரியும்.

கேட்டா முதல்ல "கார்ல வெயில்ல வச்சிருப்பீங்க"ன்னான். அப்புறம் "கம்பிய ஓவரா முறுக்கிட்டீங்க". உள்ள எடுத்த போட்டோவ அனுப்புனதும் "மூடியத் திறந்துட்டீங்கல்ல, இனி நான் பொறுப்பில்ல"ன்னு முடிச்சுட்டான். தளத்துக்காரங்க ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சு, விற்பனையாளர் பதில் சொல்லிட்டாருன்னு கேஸையே மூடிட்டாங்க. என் 185 டாலருக்கு யாரும் பொறுப்பில்லையாம்!

மூணு விதமா நெக் மாட்டுறதையும் விவரமா ஒப்பிட்டு எழுதணும்னுதான் இருந்தேன், இப்ப மனசு வரல, சுருக்கமா சொல்லிடுறேன். த்ரூ நெக்னா கம்பியோட இழுவை முழுக்க கட்டை மேலதான், பெட்டி தப்பிச்சுக்கும், மூடிக்கு அடியில வர்ற இடத்துல மட்டும் கட்டைய கொஞ்சம் செதுக்கி விட்டாதான் மூடி அதிரும், மொத தடவ செய்யுறவங்க இதையே செய்யுங்க. போல்ட் போடுறதா இருந்தா உள்ள தடிமனான மரக்கட்டை ஒட்டி அதுலதான் போல்ட் பிடிக்கணும், வெறும் சுவத்துல கூடாது. பசை மட்டும் போட்டு மாட்டுறதுன்னா ஹீல் (நெக் பெட்டியோட சேர்ற அடிப்பகுதி) அகலமா, ரெண்டு பக்கமும் நல்லா உக்காரணும், இல்லன்னா தொடாதீங்க.

வாங்குறவங்க மூடி போடுறதுக்கு முன்னாடி எடுத்த உள்பக்க போட்டோ கேளுங்க, தரலன்னா விட்டுருங்க. ஏற்கனவே வாங்கியிருந்தா சவுண்ட் ஹோல்ல (சத்தம் வெளிய வர்ற ஓட்டை) போன் டார்ச் அடிச்சு, கட்டை இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் போகுதான்னு இன்னைக்கே பாருங்க, ரிட்டர்ன் டைம் முடியறதுக்குள்ள. கிரெடிட் கார்டுல மட்டும் கட்டுங்க, நான் 185 டாலரையும் திருப்பித் தரச் சொல்லி பேங்க்ல டிஸ்ப்யூட் (புகார்) போட்டிருக்கேன்.