பிறிட்ஜைக் கழற்ற முன் காது கொடுத்துக் கேட்ட அண்ணை

முதலே சொல்லிவிடுகிறேன்: வேலைக்கு முழுப் புள்ளி, நேரத்துக்குப் பாதிப் புள்ளி. காலை ஒன்பதுக்கு வருகிறேன் என்றவர் பின்னேரம் மூன்றரைக்குத்தான் வந்தார், அதுவும் மூன்று தரம் போன் எடுத்த பிறகு. ஆனால் எங்கள் வீட்டு பிறிட்ஜ் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது, ஆறு கிழமையாகிறது, பிறீசரின் பின்சுவரில் பொட்டு ஐஸ் இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம், பெயர்ப்பலகைகூட இல்லாமல் வீட்டு விறாந்தையிலேயே பிறிட்ஜ் திருத்துகிற ஒரு அண்ணை.

எங்களுடையது இரண்டு கதவு, பனியைத் தானே உருக்கிக்கொள்கிற நோ புறொஸ்ற் வகை, வாங்கி ஏழெட்டு வருடம் இருக்கும். ஒரு நாள் இரவு பத்து மணிபோல குசினிக்குள் 'கடகடகட' என்று சத்தம். சின்ன வயதில் சைக்கிள் கம்பிக்குள் மட்டை செருகி ஓடுவோமே, அதே சத்தம். அம்மா எலி என்றார். போய்க் கதவைத் திறந்தேன், நின்றுவிட்டது. மூடினேன், கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கடகட.

அடுத்த நாலைந்து நாளில் கீழ்ப்பகுதியில் வைத்த தயிர் புளித்தது, தேத்தண்ணிக்கு வைத்த பால் திரைந்தது, ஆனால் மேலே பிறீசருக்குள் மீன் கல்லு மாதிரித்தான் கிடந்தது. மேலே குளிர், கீழே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூப்பிட்டது இந்த அண்ணையை இல்லை. நகரப் பக்கம் பெரிய பலகை போட்ட ஒரு கடை, பெயர் வேண்டாம். வந்த பெடியன் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தான், பிறீசரை எட்டியும் பார்க்கவில்லை. "காஸ் முடிஞ்சுது அக்கா, கொம்பிறசரும் இனி கனநாள் போகாது" என்றான். காஸ் அடிக்க 16,000 ரூபாய், கொம்பிறசர் என்றால் அது வேறு கணக்கு. காஸ் முடிந்திருந்தால் மீன் எப்படியடா கல்லாக இருக்கும் என்று கேட்டேன், "கொஞ்சம் கிடக்கும்தானே" என்று பதில். பார்க்க வந்த கூலி 2,000 வாங்கிக்கொண்டு போனான். பிறிட்ஜ் காஸ் மோட்டார் சைக்கிள் பெற்றோல் மாதிரி ஓட ஓடத் தீருகிற சாமான் இல்லை. மூடின குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, எங்காவது ஒழுகினால்தான் குறையும். ஒழுக்கைத் தேடாமல் காஸ் மட்டும் அடிக்கிறவர்களிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காசைக் கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

பிறகுதான் சித்தி இந்த அண்ணையின் இலக்கம் தந்தார். போனிலேயே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். "தங்கச்சி, கதவைத் திறந்தா சத்தம் நிக்குதோ?" ஓம் என்றேன். "கதவுக் கரையிலை சின்னச் சுவிச் ஒண்டு இருக்கும், கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு அதை விரலாலை அமத்திப் பாருங்கோ." அமத்தினேன், லைற் அணைந்தது, பிறீசரின் பின்சுவருக்குள் இருந்து கடகட. "அப்ப கொம்பிறசர் இல்லை. உள்ளுக்கை ஃபான் ஐஸிலை முட்டுது." ஒரு சதம் செலவில்லாமல் பாதி விஷயம் முடிந்தது. கதவு திறந்தால் உள் ஃபான் நிற்கும், கொம்பிறசர் தன்பாட்டுக்கு ஓடும், சத்தம் எதோடு சேர்ந்து நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

கறண்டைக் கழற்றிவிட்டு ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறந்து விடுங்கோ, கத்தி மட்டும் வைக்க வேண்டாம் என்றார். அம்மா ஏற்கனவே வெண்ணெய்க் கத்தியோடு நின்றார். பின்சுவருக்குப் பின்னால் இருப்பது மெல்லிய அலுமினியக் குழாய், ஒரு குத்துப் போதும், அப்போது உண்மையாகவே காஸ் முடிந்துவிடும். புதிய பிறிட்ஜ்கள் பலவற்றில் ஆர் 600ஏ என்ற காஸ், அது தீப்பற்றக்கூடியது, பின்பக்க ஸ்ரிக்கரில் எழுதியிருக்கும். நல்ல வேளை, அடுத்த கிழமை நல்லூர்க் கோயில் கொடியேற்றம், எப்படியும் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) நிற்கப்போகிறது. இருந்த மீனை இரண்டு நாளில் குழம்பும் பொரியலுமாக முடித்தோம், மிச்ச முரல் பக்கத்து வீட்டு மாமிக்குப் போனது. அரை வாளித் தண்ணீர் வந்தது. பழைய துவாய் நாலு போட்டும் குசினி நனைந்துதான் போனது.

திரும்பப் போட்டதும் பிறிட்ஜ் புதிது மாதிரி ஓடியது. ஒன்பது நாள். பத்தாம் நாள் இரவு கடகட. போன் எடுத்தால் அண்ணைக்கு ஒரே சந்தோசம், "அப்ப டிபுறொஸ்ற்தான் பிழை" என்றார், பனியைத் தானாக உருக்குகிற ஏற்பாட்டைத்தான் அப்படிச் சொன்னார். எங்களுடையதில் கொம்பிறசர் எட்டுப் பத்து மணித்தியாலம் ஓடியதும் ரைமர் அதை நிறுத்தி, குழாய்க்குக் கீழே இருக்கிற ஹீற்றரை அரை மணித்தியாலம்போலப் போடும். படிந்த பனி உருகி, குழாய் வழியே பின்னுக்கு இறங்கி, கொம்பிறசர் சூட்டில் காய்ந்துவிடும். ரைமர், ஹீற்றர், குளிர் அறிகிற பைமெற்றல் என்ற சின்னச் சாமான், ஒரு பியூஸ், இவற்றில் ஒன்று போனாலும் ஐஸ் உருகாது. நாளுக்கு நாள் வளர்ந்து ஃபானைத் தொடும், கீழே காற்றுப் போகாது. தயிர் புளித்த கதை இதுதான்.

வந்ததும் பிளக்கைக் கழற்றினார், பிறீசருக்குள் பின்பலகையைக் கழற்றினார். மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைச் சுவர். "காஸ் குறைஞ்சா ஒரு மூலையிலைதான் ஐஸ் பிடிக்கும், மிச்சம் வெறுங்குழாயாக் கிடக்கும். இது முழுக்க மூடியிருக்கு, பாருங்கோ" என்றார். அந்த 2,000 ரூபாயை நினைத்துக்கொண்டேன்.

ஐஸை உருக்கிவிட்டு மீற்றர் வைத்தார், ஹீற்றர் சரி, பியூஸ் சரி. பைமெற்றலை உடனே அளக்காமல் ஒரு ரம்ளர் கேட்டார், அதற்குள் நொறுக்கின ஐஸும் இரண்டு பிடி உப்பும் போட்டு, சாமானை ஈரம் படாமல் பொலித்தீனால் சுற்றி அதற்குள் விட்டார். நன்றாகக் குளிர்ந்தால்தான் அது இணைந்து கறண்டை விடும், குசினிச் சூட்டில் அளந்தால் நல்லதும் பழுது மாதிரித்தான் காட்டுமாம். பத்து நிமிடம் பார்த்தோம், இணையவேயில்லை. மாற்றினார். ஐஸால் அடைபட்டிருந்த வடிகால் துளைக்குச் சிரிஞ்சியால் சுடுதண்ணீர் விட்டார். சாமான் 2,800, கூலி 3,500.

தேத்தண்ணி குடிக்கும்போது வேறு சத்தங்களையும் கேட்டு வைத்தேன். சளசள என்று தண்ணீர் ஓடுகிற மாதிரிக் கேட்பதும், இடைக்கிடை பிளாஸ்ரிக் 'டக்' என்பதும் வழமை. பின்னால் 'உர்ர்' என்று அதிர்ந்தால் முதலில் சுவரில் முட்டுகிறதா, கால் மட்டமா, தண்ணீர்த் தட்டு கழன்றதா என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு 'டிக்' வந்து குளிரே இல்லை என்றால் கொம்பிறசர் கிளம்ப முடியாமல் நிற்கிறது. வோல்ற்றேஜ் குறைவாக இருக்கலாம், கொம்பிறசரைக் கிளப்பிவிடுகிற ரிலே போயிருக்கலாம். கறண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் விட்டுத்தான் போட வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை வெட்டினார்களே, அப்போது இதைக் கவனிக்காதவர்கள் நிறையப் பேர் தன்னிடம் வந்ததாகச் சொன்னார்.

பிறீசரில் பின்சுவரில் இல்லாமல் கதவுப் பக்கம் மட்டும் பனி பிடித்தால் கதவு றப்பரைப் பார்க்கச் சொன்னார். என்னிடம் ஒரு நூறு ரூபாய்த் தாள் வாங்கி, கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துக் காட்டினார், இறுக்கமாக வந்தது. லேசாக வழுகி வந்தால் அந்த இடத்தால் ஈரக்காற்றுப் போகிறது. தாளை மறக்காமல் திருப்பித் தந்தார்.

குறை என்றால், பில் கிடையாது, மூன்று மாதம் உத்தரவாதம் வாயால்தான். பின்பலகையில் ஒரு ஆணி இல்லாமல் பூட்டிவிட்டுப் போனார், அதை நானே வாங்கிப் போட்டேன். பழைய பைமெற்றலைக் கேட்காமலே கையில் தந்தது பிடித்திருந்தது.

இவரைக் கூப்பிடுகிறவர்கள் அவர் வர முன் ஐஸை உருக்கி, துடைத்து, வடிவாக வைத்திருக்க வேண்டாம். அம்மா அப்படித்தான் செய்யப் பார்த்தார். அந்த ஐஸைத்தான் அவர் பார்க்க வருகிறார்.