பேயைப் படம் பிடிக்க: செல்போனா, பழைய டிஎஸ்எல்ஆரா?

காங்கேயம் பக்கம் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஒரு புளியமரம். முனி நடமாட்டம் உள்ள இடம் என்பார்கள். போன மார்கழி அமாவாசையில் செல்போன் நைட் மோடில் எடுத்தேன். தலையில்லாத ஓர் உருவம். உடம்புக்குள்ளேயே பின்னாலிருந்த மரம் தெரிந்தது. இரண்டு நாள் தூக்கம் போச்சு. அப்புறம் விசாரித்தால், மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த மாமாதான் அது. குளிருக்குத் தலையில் கறுப்பு மப்ளர் சுற்றியிருந்தார்.

செல்போன் கைக்கு அடக்கம், கூடுதல் செலவில்லை, அது தெரிந்ததுதான். ஆனால் நைட் மோடு சில விநாடிகளில் பல பிரேம்களை எடுத்து ஒன்றாக்கித் தருகிறது. நடுவில் யாராவது நடந்தால் பாதி ஆள்தான் மிஞ்சும். எது எந்த பிரேமில் இருந்தது என்று பிறகு பிரித்துப் பார்க்க வழியில்லை.

அதனால்தான் கோவையில் பதினான்காயிரத்துக்கு ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா) வாங்கினேன். கனம்தான், டிரைபாடும் சுமக்க வேண்டும். ஆனால் படத்தைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ரா கோப்பில், அதாவது கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் கோப்பில், ஒரே எக்ஸ்போஷர்; ஷட்டர் ஒரு முறை திறந்து மூடியதுதான். ஷட்டர் எத்தனை விநாடி திறந்திருந்தது என்பதும் பதிவாகியிருக்கும். முப்பது விநாடி திறந்து வைத்தால் இதிலும் ஆள் கண்ணாடி போலத்தான் தெரிவார், ஆனால் காரணம் கோப்பிலேயே இருக்கும். நான் இரண்டு விநாடிக்கு மேல் போவதில்லை. அசையாமல் அடுத்தடுத்து மூன்று எடுப்பேன். மூன்றிலும் ஒரே இடத்தில் ஒளி இருந்தால், பக்கத்து விளக்கு லென்ஸில் பட்டுச் சிதறியதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

பிளாஷ் வேண்டவே வேண்டாம். மூடிக் கிடக்கும் ஒரு நூற்பாலையில் பிளாஷ் போட்டு எடுத்ததில் வெள்ளை உருண்டைகளாக மிதந்தன. ஆவி இல்லைங்க, பஞ்சுத் தூசி. லென்ஸுக்கு மிக அருகில் பறப்பது போகஸ் இல்லாமல் உருண்டையாக விழுகிறது. பிளாஷை அணைத்ததும் ஒன்றையும் காணோம்.

பிலிம்தான் பொய் சொல்லாது என்பவர்களுக்கு ஒரு சேதி. 1922-ல் லண்டனில் ஆவிப்படக்காரர் வில்லியம் ஹோப்பிடம் ஆவி ஆராய்ச்சியாளர் ஹாரி பிரைஸ் ரகசியக் குறியிட்ட, பிலிம் போலவே படம் பதியும் கண்ணாடித் தகடுகளைக் கொடுத்தார். ஆவி விழுந்த தகட்டில் அந்தக் குறி இல்லை. தகட்டையே மாற்றியிருக்கிறார்!

கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளியைப் பிடிக்கும்படி மாற்றிய கேமராவை ஒரே ஒரு ராத்திரி இரவல் வாங்கிப் பார்த்தேன். இலையெல்லாம் வெளுத்துத் தெரிந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

புளியமரத்தை இதுவரை நாற்பது படம் எடுத்தாயிற்று. ஒன்றில் மட்டும் கிணற்றோரம் ஒரு வெளிச்சக் கீற்று. முந்தியதிலும் இல்லை, பிந்தியதிலும் இல்லை. மின்மினியாக இருக்கலாம். அப்பிச்சியிடம் காட்டினேன். “ஏஞ்சாமி, முனி போட்டோவுக்கு நிக்குமா?” என்றுவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார்.