டிவிடி வட்டை வாங்குவதா, வாடகைக்கு எடுக்க 28 நாள் காத்திருப்பதா?

ஓர் இரவுக்கு 1 டாலர் என்ற வாடகை தங்கள் டிவிடி விற்பனையைக் கெடுக்கிறது என்று வாதிட்ட வார்னர், ஃபாக்ஸ், யுனிவர்சல் ஸ்டுடியோக்களுடன் வழக்காடிய ரெட்பாக்ஸ் (தானியங்கி இயந்திரங்கள் வழியே டிவிடிகளை வாடகைக்குத் தந்த நிறுவனம்), புதிய படங்களை அவை விற்பனைக்கு வந்து 28 நாள் கழித்தே தன் இயந்திரங்களில் வைக்க 2010-இல் இணங்கியதால், அமெரிக்க ரசிகர்களுக்கு இக்கேள்வி எழுந்தது.

செலவு: வாங்கினால் பல டாலர், ஒரே முறை, வாடகை மலிவு, ஆனால் திருப்பித் தர மறந்தால் நாள்தோறும் ஏறியது.

வட்டின் ஆயுள்: சொந்த வட்டு நம் கவனிப்பில் இருக்கும், வாடகை வட்டு பலர் கைபட்டுக் கீறியிருக்கலாம்.

வசதி: 2024-இல் ரெட்பாக்ஸ் மூடப்படும் வரை, வாடகை வட்டை அதன் எந்த இயந்திரத்திலும் திருப்ப முடிந்தது.

பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்க்கும் படமென்றால் வாங்குவதே மேலாக இருந்தது. ஒரு முறை பார்ப்பவர் காத்திருந்தாலே போதும் என்றிருந்தது. 2009-இலேயே உடன்பாடு கண்ட சோனியின் படங்களுக்கோ அந்தக் காத்திருப்பும் வேண்டியிருக்கவில்லை.