தண்டர்பேர்டோடு 17 வருஷம்: எந்தப் பட்டியலிலும் வராத ஆள் நான்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 2008இல் வேலைக்குச் சேர்ந்த அன்று என் மேஜைக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் 2 இருந்தது; ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைச் செய்த மொசில்லாவின் இலவச மெயில் புரோகிராம். அவுட்லுக் லைசென்ஸ் காசை மிச்சம் பிடிக்கத்தான் யாரோ போட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் நாலு முறை மாறிவிட்டது, மெயில் புரோகிராம் மாறவில்லை. மெயிலும் செட்டிங்கும் கிடக்கும் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து புது மிஷினில் வைத்தால் பழைய மெயிலெல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். 2011இல் ஒரு பையர் ஓகே செய்த லேப் டிப் (சாயம் ஏற்றிய மாதிரித் துணித் துண்டு) எந்த ஷேடு என்று கேட்டால் நெட் இல்லாமலே தேடி எடுத்துவிடுவேன்.

குறை இல்லாமல் இல்லை. இதில் ஒரு ஃபோல்டரின் மெயில் முழுவதும் ஒரே ஃபைலாகச் சேமிக்கப்படும். டெலீட் செய்தாலும் மெயில் கண்ணிலிருந்துதான் மறையும். காம்பாக்ட் கொடுத்தால்தான் டிஸ்கில் இடம் காலியாகும். இது தெரியாமல் மூன்று வருஷம் ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் எங்கள் ஆன்டிவைரஸ் ஏதோ ஒரு மெயிலில் வைரஸ் இருப்பதாகச் சொல்லி இன்பாக்ஸ் ஃபைலையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஷிப்மென்ட் வாரம் வேறு. முந்தின ஞாயிற்றுக்கிழமை எடுத்த பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். 2023இல் 115ஆம் பதிப்பு புது முகத்தோடு வந்தபோது பழைய தோற்றத்துக்குத் திருப்ப ஒரு மதியம் போனது. மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி தொல்லை இல்லை.

ஆனால் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன வருஷம் புது சீசன் கேட்டலாக்கை எல்லா பையர்களுக்கும் ஒரு மெயில் சர்வீஸ் வழியாக அனுப்பினோம். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. யார் திறந்தார்கள், எந்தப் புரோகிராமில் திறந்தார்கள் என்று வட்டப்படம் போட்டு. ஆப்பிள் மெயில் பெரிய துண்டு, அடுத்து ஜிமெயில். அவுட்லுக் மெல்லிய கீற்று. தண்டர்பேர்ட் பெயரே இல்லை. எனக்கு இது இடித்தது. எங்களுக்கு வரும் பதில்களின் ஹெடரை, அதாவது மெயிலோடு மறைவாக வரும் குறிப்பைப் பார்த்தால் பாதிக்கு மேல் அவுட்லுக் அடையாளம்தான் இருக்கும். அவர்களெல்லாம் எங்கே போனார்கள்?

சோதித்துப் பார்த்தேன். அதே கேட்டலாக் மெயிலை எனக்கும் எங்கள் முதலாளியின் ஐஃபோனுக்கும் அனுப்பினேன். தண்டர்பேர்டில் திறந்து முழுவதும் படித்தேன், பதிலும் போட்டேன். முதலாளியின் ஃபோன் சார்ஜில் கிடந்தது, அவர் டையிங் யூனிட்டில் இருந்தார். சாயங்காலம் ரிப்போர்ட்டைப் பார்த்தால் முதலாளி 'திறந்தார்', நான் 'திறக்கவில்லை'.

விஷயம் இதுதான். மெயிலுக்குள் ஒரு பிக்சல் அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாத படம் ஒன்றைச் செருகி அனுப்புகிறார்கள், ஆளுக்கு ஒரு முகவரியோடு. மெயிலைத் திறக்கும்போது அந்தப் படம் சர்வரிலிருந்து இறங்கும். இறங்கும்போது கேட்டது எந்தப் புரோகிராம் என்ற குறிப்பும் சர்வரில் பதிவாகும். 'மெயில் புரோகிராம்களின் சந்தைப் பங்கு' என்று வரும் பட்டியல்கள் பெரும்பாலும் இந்தப் பதிவுகளைக் கூட்டிப் போட்டவைதான். தண்டர்பேர்ட் வெளிப் படங்களைத் தானாக இறக்குவதே இல்லை, மேலே ஒரு பட்டை காட்டி நம்மைக் கேட்கும். அவுட்லுக்கும் 2003 பதிப்பிலிருந்து இப்படித்தான். படம் இறங்காவிட்டால் எண்ணிக்கையும் இல்லை.

ஆப்பிள் கதை இதற்கு நேர்த் தலைகீழ். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்தபோது மெயில் பிரைவசி புரொடெக்ஷன் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதை ஆன் செய்தால், நீங்கள் மெயிலைத் தொடாவிட்டாலும் ஆப்பிளின் சர்வர்களே படங்களை முன்கூட்டி இறக்கி வைத்துக்கொள்ளும். வேவு பார்ப்பவரைக் குழப்புவதற்காகச் செய்தது. அதன் பக்கவிளைவாக அந்தப் பட்டியல்களில் ஆப்பிளின் பங்கு எகிறியது. ஜிமெயில் 2013 டிசம்பர் முதல் படங்களைத் தன் சர்வர் வழியாகவே காட்டுகிறது. அதனால் படிப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது அனுப்பியவருக்குத் தெரியாது, ஜிமெயில் என்பது மட்டும் தெரியும்.

கூகுள் தன் பங்குக்கு வேறு மாதிரி எண்ணுகிறது. 2018இல் 150 கோடி பேர் ஜிமெயில் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அதில் நானும் ஒருவன். ஆனால் அந்த ஜிமெயிலை நான் படிப்பது தண்டர்பேர்டில். தண்டர்பேர்ட்காரர்களோ, மோசமான ஆட்-ஆன்களின் (கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் குட்டி புரோகிராம்களின்) பட்டியலைக் கேட்டு புரோகிராம் நாளுக்கு ஒருமுறை சர்வரைத் தொடுவதை வைத்துத் தலை எண்ணி வந்தார்கள். அதிலும் ஓட்டை உண்டு. வீட்டிலும் ஆபீஸிலும் வைத்திருக்கும் நான் இரண்டு ஆள். அந்தத் தொடர்பைத் தடுக்கும் ஆபீஸ் ஃபயர்வாலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஆளே இல்லை. ஆனாலும் அந்த வரைபடம் ஒன்றை ஒளிக்காமல் காட்டும்: சனி, ஞாயிறு வந்தால் கோடு பள்ளத்தில் விழும். இது என்னைப் போல ஆபீஸ் மேஜையில் வாழும் புரோகிராம்.

2012இல் மொசில்லா இனி இதற்குப் பெரிதாக ஆள் போடப்போவதில்லை என்று அறிவித்தபோது, எங்கள் ஆபீஸ் சிஸ்டம்காரர் "இதை விட்டுருங்க, செத்துரும்" என்றார். சாகவில்லை. 2020இல் எம்இசட்எல்ஏ என்ற தனி நிறுவனத்தின் கீழ் போனது. 2022இல் மட்டும் அறுபது லட்சம் டாலருக்கு மேல் வருமானம், கிட்டத்தட்ட எல்லாமே பயனாளர்கள் கொடுத்த நன்கொடை. வட்டப்படத்தில் கீற்றாகக்கூடத் தெரியாதவர்கள் கொடுத்த காசு. நானும் ஒருமுறை கொடுத்திருக்கிறேன், தொகையைக் கேட்காதீர்கள்.

2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்துவிட்டது, ஏற்கனவே இருந்த கே-9 மெயில் என்ற ஆப்பை அடிப்படையாக வைத்து. ஃபோனில் போட்டிருக்கிறேன். சும்மா எட்டிப் பார்க்கச் சரி, பழைய மெயில் தேட நான் கம்ப்யூட்டருக்குத்தான் வருகிறேன்.

இந்த சீசன் கேட்டலாக்கும் போன வாரம் போயாயிற்று. முதலாளி கூப்பிட்டார்.

"எத்தனை பேரு ஓப்பன் பண்ணியிருக்காங்கப்பா?"

"மூணு பேரு சாம்பிள் கேட்டிருக்காங்கண்ணா."

"அது சரி, ஓப்பன் எத்தனை?"