பீபெரி, பிளான்டேஷன், செர்ரி: பதினோரு மணிக் காபிக்கு எது?

பத்து வருடமாக எங்கள் வீட்டுக் காபிப்பொடி ஆர்டர் மாறியதே இல்லை. பீபெரி, எண்பதுக்கு இருபது சிக்கரி. அப்பா சொல்லி வைத்தது, கடைப்பையனுக்கே மனப்பாடம். போன மாசியில் ஏற்காடு போனபோது ஏதோ வேகத்தில் பீபெரி, பிளான்டேஷன் ஏ, செர்ரி மூன்றிலும் பச்சைக்கொட்டை ஒவ்வொரு கிலோ வாங்கிவிட்டேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வழக்கமான கடையில் கொடுத்து, மூன்றையும் ஒரே பதத்தில் தனித்தனியாக வறுத்து அரைக்கச் சொன்னேன். "ஒண்ணா கலந்துடலாமே சார், வேலை மிச்சம்" என்றார் கடைக்காரர். ஆனாலும் வறுத்துக் கொடுத்தார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்றுமே அராபிகாதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபிச்செடியைக் கொண்டுவந்தார். இன்றும் அங்கே சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடிகளுக்குக் கீழே, பெரும்பாலும் அராபிகாதான் நிற்கிறது. ஆக, ருசி மாறுவது செடியால் அல்ல. பழம் பறித்த பிறகு அதை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

பீபெரி விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை, முகத்தோடு முகம் ஒட்டித் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒன்றுதான் விளையும், அது உருண்டையாகிவிடும். அதுதான் பீபெரி. தனி ரகம் இல்லை, தனித்துப் பொறுக்கி எடுத்தது. உருண்டை என்பதால் வறுக்கும் டிரம்மில் நன்றாக உருண்டு ஒரே சீராக வறுபடும் என்பார்கள். சரி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குடித்தபோது என்னாலும் என் மனைவியாலும் அதைப் பிளான்டேஷனிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. கூடுதல் விலை அந்த உருண்டைக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

பிளான்டேஷன் என்றால் கழுவிய கொட்டை. தோலை உரித்துத் தொட்டியில் ஒன்றரை நாள் வரை ஊறவிட்டு, வழவழப்பு போகக் கழுவிக் காயவைப்பது. 'ஏ' என்பது அளவு மட்டும்தான், 6.65 மி.மீ. சல்லடையில் நிற்கிற கொட்டை. ருசி சுத்தமாக இருக்கும், வாசனை முன்னால் வரும், கடைசியில் எலுமிச்சைத் தோல் போல ஒரு மெல்லிய புளிப்பு. பால் இல்லாமல் குடிப்பவர் இதற்கு மேல் படிக்க வேண்டாம், இதையே வாங்கலாம்.

செர்ரி என்றதும் கேக்கில் வைக்கும் பழம் நினைவுக்கு வரும். அது இல்லை. காபிப் பழத்தை உரிக்காமல் அப்படியே களத்தில் கொட்டி, இரண்டு வாரம் போல வெயிலில் கிளறிக் கிளறிக் காயவைத்து, பிறகு தோல் நீக்குவார்கள். பழச்சதையோடு சேர்ந்தே காய்வதால் கொட்டைக்கு வேறு ஒரு குணம் வருகிறது. புளிப்பு அடங்கிவிடுகிறது, உலர்திராட்சையும் வெல்லமும் கலந்த மாதிரி ஒரு கனம் நாக்கில் நிற்கிறது. டிகாஷன் கள்ளிச்சொட்டு மாதிரிக் கெட்டியாக இறங்கியது.

ஆனால் என்னை இந்தப் பக்கம் சாய்த்தது முதல் காபி இல்லை, பதினோரு மணிக் காபி. எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு ஒரு தடவைதான் ஃபில்டர் போடுவது. அதே டிகாஷன்தான் பதினோரு மணிக்கு அம்மாவுக்கும், யாராவது வந்தால் அவர்களுக்கும். ஆறு மணிக்குப் பிளான்டேஷன் ராஜா. ஐந்து மணி நேரம் கழித்து அதே டிகாஷனில் வாசனை பறந்துபோய், அந்த மெல்லிய புளிப்பு மட்டும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு தடவை பால் லேசாகத் திரிந்தே போனது. பால் பழசாகவும் இருந்திருக்கலாம், பழியை முழுக்கக் காபி மேல் போட மாட்டேன். செர்ரி டிகாஷனும் நேரம் ஆக ஆக ருசி குறையத்தான் செய்கிறது. ஆனால் முன்னால் வந்து உட்கார அதனிடம் புளிப்பு குறைவு. வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கிப் பாலில் ஊற்றினால், பதினோரு மணிக்கும் அது காபியாகவே இருக்கிறது. டிகாஷனை அடுப்பில் நேராக வைத்தால் மூன்றுமே கசாயம்தான்.

செர்ரிக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வராது. இரண்டாவது முறை மலைப்பாதையில் ஒரு கடையில் அவசரமாக வாங்கியது, வறுத்த பிறகும் நனைந்த சாக்கு வாடை அடித்தது. மூட்டத்தில் சரியாகக் காயாத பழம்போல. ஒரு கிலோவும் வீண். அதிலிருந்து பச்சைக்கொட்டையைக் கைநிறைய அள்ளி மோந்து பார்க்காமல் வாங்குவதில்லை. பிளான்டேஷனில் எனக்கு இந்தத் தொல்லை இதுவரை வந்ததில்லை. இன்னொன்று, நான் ஒரு வருஷத்துக் காபியை வைத்துத்தான் பேசுகிறேன்.

சிக்கரி ஒரு வேர், அதில் கஃபீன் கிடையாது. நிறமும் கெட்டியும் தரும், அவ்வளவுதான். செர்ரியிலேயே கனம் இருப்பதால் இருபதைப் பத்தாகக் குறைத்தேன். இப்போதைய ஆர்டர்: செர்ரி அறுபது, பிளான்டேஷன் முப்பது, சிக்கரி பத்து. இந்தப் பொடியைப் பழைய பீபெரி டப்பாவிலேயே போட்டு வைக்கிறேன். போன வாரம் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"பீபெரின்னா பீபெரிதான்டா" என்றார்.