பிராசசரை நேரில் வந்து மாற்றித் தரும் உத்தரவாதச் சேவை: இரண்டு வருகைகளின் மதிப்பீடு

எங்களிடம் உள்ள ஆறு ரேக் சர்வர்களில் ஒன்றில், உத்தரவாதம் முடிய இன்னும் சில மாதங்களே இருந்த நிலையில், இரண்டாவது பிராசசர் பழுதானது. அதை மாற்றித் தருவதற்காகச் சர்வரைத் தயாரித்த நிறுவனத்தின் சார்பில் இரண்டு முறை ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவரை நான் பாதி வேலையில் நிறுத்தித் திருப்பி அனுப்பினேன்; இரண்டாவதாக வந்தவர் வேலையைக் குறையில்லாமல் முடித்துக் கொடுத்தார். இரண்டு வருகைகளும் ஒரே ஒப்பந்தத்தின் கீழ், ஒரே பாகத்துக்காக, நான்கு நாள் இடைவெளியில் நடந்தவை என்பதால், இந்தச் சேவையை எடைபோட எனக்கு நல்ல வாய்ப்புக் கிடைத்தது. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த வேலையைப் பல இடங்களில் துணை ஒப்பந்தக்காரர்களே செய்கிறார்கள். சட்டையில் எந்தப் பெயர் தைத்திருந்தாலும் வருபவர் அதே ஆளாக இருக்கக்கூடும்.

தொலைபேசி உதவியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் முதல் தடுமாற்றம் அங்கேதான். சர்வர் நின்றுபோவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே, இரண்டாவது பிராசசரின் பக்கத்தில் உள்ள மெமரி ஸ்லாட்டுகளில் தானாகத் திருத்திக்கொள்ளப்பட்ட பிழைகள் லாகில் (சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டில்) பதிவாகிக்கொண்டிருந்தன. பிறகு ஒருநாள் சர்வர் முற்றிலும் உறைந்து, முகப்பு விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறி, சர்வரைக் கண்காணிக்கும் தனிச் சிப்பான பிஎம்சியின் லாகில் இரண்டாவது பிராசசருக்கு உட்பிழை என்ற பதிவு விழுந்தது. உதவி மையத்தில் பேசியவர், மெமரிப் பிழைகள் இருப்பதால் மெமரியைத்தான் மாற்ற வேண்டும் என்று தம் கையிலிருந்த கேள்விப்பட்டியலின்படி வாதிட்டார். மெமரியைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் மதர்போர்டில் தனிச் சிப்பாக இருந்த காலம் எப்போதோ போய்விட்டது. இன்றைய சர்வர்களில் அது பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ஒரு பிராசசரின் கீழ் உள்ள நான்கைந்து ஸ்லாட்டுகள் ஒரே சமயத்தில் குறைகூறத் தொடங்கினால், நான்கைந்து மெமரிகளும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகக் கெட்டுப்போயின என்று நம்புவதைவிட, பிராசசரையோ அது அமர்ந்திருக்கும் சாக்கெட்டையோ சந்தேகிப்பதே முறை. அவர் கேட்டுக்கொண்டபடி இரண்டு பக்கத்து மெமரிகளையும் இடம் மாற்றிப் போட்டுக் காட்டினேன். பிழை மெமரியைப் பின்தொடராமல் இரண்டாவது பிராசசரின் பக்கத்திலேயே தங்கியது. அதற்குப் பிறகுதான் புதிய பிராசசரை அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். இதற்கு மூன்று நாட்கள் போயின.

முதல் வருகையில் நேரம் தவறவில்லை. அடுத்த வேலை நாள் என்று சொன்னார்கள், அப்படியே வந்தார்கள். வந்தவர் பண்பாகப் பேசினார். உடலில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பைப் பையிலேயே வைத்துவிட்டு வேலையைத் தொடங்கப் போனார், நினைவூட்டியதும் அணிந்துகொண்டார். இது சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் நம் விரலில் சுரீரென்று உணரும் நிலைமின் அதிர்ச்சிக்கே ஏறத்தாழ 3000 வோல்ட் தேவைப்படுகிறது. அதில் சிறு பங்குகூட ஒரு சிப்பைக் கெடுக்கப் போதும். அதாவது கெடுத்தவருக்கே தெரியாமல் கெட்டுவிடும். இதையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் கையில் எடுத்தது டி30 என்ற நட்சத்திர வடிவ முனை மாட்டிய சாதாரண ஸ்க்ரூடிரைவர் என்பதைப் பார்த்தபோதுதான் வேலையை நிறுத்தச் சொன்னேன்.

"டார்க் ஸ்க்ரூடிரைவர் இல்லையா?" என்று கேட்டேன். குறித்த முறுக்குவிசையை எட்டியதும் "க்ளிக்" என்று காட்டிக்கொடுக்கும் ஸ்க்ரூடிரைவர் அது.

"பத்து வருஷமா இதேதான் சார் செய்யுறேன், கைக்கே அளவு தெரியும்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய கைக்கு ஓர் அளவு நிச்சயம் தெரியும். எந்தச் சாக்கெட்டின் அளவு என்பதுதான் கேள்வி. இன்டெல்லின் எல்ஜிஏ 3647 சாக்கெட் 2017இல் சர்வர்களில் பரவலானது. அதில் பிராசசரின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்கை இறுக்கும் நட்டுகளுக்கு 12 இன்ச்-பவுண்டு, அதாவது சுமார் 1.35 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அடுத்து 2021இல் பரவலான எல்ஜிஏ 4189 வகையில் அதே டி30 முனைதான் நுழையும், ஆனால் அளவு 8 இன்ச்-பவுண்டு, சுமார் 0.9 நியூட்டன் மீட்டர். முந்தைய தலைமுறையில் பழகிய கை புதிய தலைமுறையில் ஒன்றரை மடங்கு இறுக்கிவிடும். எவ்வளவு இறுக்குகிறோம் என்பதோடு நான்கு நட்டிலும் சமமாக இறுக்குகிறோமா என்பதும் முக்கியம். ஒரு மூலை அழுந்தி இன்னொரு மூலை தளர்ந்தால், நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தொடுபுள்ளிகளில் ஏதோ சில சரியாகத் தொடாமல் போய், ஒரு மெமரி சேனல் காணாமற்போகும், அல்லது மறுபடியும் திருத்தப்பட்ட பிழைகள் வரத் தொடங்கும். எந்தக் கோளாறுக்காகப் பிராசசரை மாற்றுகிறோமோ, அதே கோளாறைப் புதிய பிராசசரிலும் நாமே உண்டாக்கிவிட முடியும் என்பது இந்த வேலையில் உள்ள வேடிக்கை.

அவரைத் திருப்பி அனுப்பினேன். கோபித்துக்கொள்ளவில்லை. போகும்போது அவர் சொன்ன ஒரு செய்தியைத்தான் இந்த மதிப்பீட்டின் மையமாகக் கருதுகிறேன்: அந்தக் கருவியை நிறுவனம் கொடுப்பதில்லை, வேண்டுமானால் அவரவர் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய பிராசசரோ நிலைமின் தடுப்புப் பைக்குள், வடிவத்துக்கேற்பக் குடைந்த தட்டில், அதற்கு மேல் நுரைப்பஞ்சில், அதற்கும் மேல் அட்டைப்பெட்டியில் என்று நான்கு உறைகளுக்குள் வந்திருந்தது. இவ்வளவு பத்திரமாக அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, அதைப் பொருத்தும் கருவியையும் அதே பெட்டியில் வைக்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இடையில் கிடைத்த நான்கு நாட்களை நாங்கள் பயன்படுத்திக்கொண்டோம். அந்தச் சர்வரில் ஓடிய மெய்நிகர் இயந்திரங்களை மற்றவற்றுக்கு நகர்த்தினோம், பிஎம்சி அமைப்புகளைப் பிரதி எடுத்தோம், புதிய பிராசசரின் மாடலும் ஸ்டெப்பிங்கும் (அதே மாடலின் திருத்தப் பதிப்பு) முதல் சாக்கெட்டில் இருப்பதோடு பொருந்துகின்றனவா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம், சர்வரைத் துவக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தோம். பயாஸ் பழையதாக இருந்தால் புதிய ஸ்டெப்பிங்கை அது அடையாளம் காணாமல் போகலாம். அப்போது நல்ல பிராசசரையும் பழுதென்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவோம். இதைப் பற்றிச் சேவை நிறுவனம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாவதாக வந்தவரின் பையில் டார்க் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. மாற்று மதர்போர்டு ஒன்றையும் உடன் கொண்டுவந்திருந்தார். அவர் முதலில் செய்த வேலை எனக்கே புதிது. நிறுத்தி வைத்திருந்த சர்வரை இயக்கச் சொல்லிப் பத்து நிமிடம் சுமையோடு ஓடவிட்டார். அவர் சொன்ன காரணம்: வெப்பத்தைக் கடத்துவதற்காக இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட் குளிர்ந்து இறுகினால் பிராசசரையும் ஹீட்சிங்கையும் பசைபோல் ஒட்டி வைத்திருக்கும், இளஞ்சூட்டில் இளகினால் பிரிப்பது எளிது. பிறகு சர்வரை முறையாக ஷட்டவுன் செய்து, நீல நிற அடையாள விளக்கை எரியவிட்டு, ரேக்கின் பின்பக்கம் போய் அதே விளக்கைக் கண்டு உறுதிப்படுத்திய பின்பே பவர் கேபிள்களில் கை வைத்தார். ஒரே மாதிரியான ஆறு சர்வர்கள் அடுக்கியிருக்கும் ரேக்கில், ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்துச் சர்வரின் கேபிளைப் பிடுங்கிய கதைகள் எல்லோரிடமும் உண்டு.

இரண்டு பவர் சப்ளைகளின் கேபிள்களையும் கழற்றினார். சர்வர் அணைந்திருந்தாலும் கேபிள் ஒன்று இருக்கும்வரை காத்திருப்பு மின்சாரம் போர்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிஎம்சி அதில்தான் உயிரோடு இருக்கிறது. கழற்றிய பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, போர்டில் இருந்த சிறிய பச்சை விளக்கு மங்கி அணையும்வரை கைகட்டி நின்றார். அதன் பிறகு, ரேக்கில் வேறு எந்தச் சர்வரும் வெளியே இழுக்கப்படவில்லை என்று பார்த்துக்கொண்டு, இதை ரேக்கின் சறுக்குத் தண்டவாளத்தில் முழுவதும் வெளியே இழுத்தார். இரண்டு கனமான சர்வர்கள் ஒரே நேரத்தில் முன்னால் நீண்டிருந்தால் ரேக்கே முன்புறம் சாய்ந்துவிடக்கூடும்.

மேல்மூடியையும் காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் உறையையும் எடுத்த பின், ஹீட்சிங்கின் மேல் அச்சிட்டிருந்த எண்களுக்குத் தலைகீழ் வரிசையில், மூலைக்கு மூலை எதிராக, நட்டுகளைத் தளர்த்தினார். சாய்ந்துவிடாமல் தடுக்கும் கம்பிகளை விடுவித்து, ஹீட்சிங்கை நேர் மேலாகத் தூக்கினார். அதனோடு பிராசசரும் ஒட்டிக்கொண்டே வந்தது. இந்த வகையில் அப்படித்தான் வர வேண்டும். இதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் இந்தச் சேவையின் உச்சம் என்பேன். வெறுமையான சாக்கெட்டை அப்படியே விடாமல், கையில் இருந்ததை விரிப்பில் வைத்த மறுநொடி, ஒரு சிறு டார்ச்சைச் சாக்கெட்டுக்குக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் பிடித்தார். அந்தச் சாய்ந்த ஒளியில் பின்கள் அனைத்தும் நெல் நாற்றுபோல் வரிசையாக, ஒரே திசையில் மின்னின. எங்காவது ஒரு பின் வளைந்திருந்தால் அதன் ஒளி மட்டும் வேறு பக்கம் தெறிக்கும், அல்லது அந்த இடம் கறுத்துத் தெரியும் என்றார். டார்ச்சை நான்கு பக்கமும் சுற்றிவந்தார், கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்த்தார், பிறகு மூடியைப் பொருத்தினார். பின்கள் சுத்தம். எனவே போர்டை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

இரண்டு பிராசசர்களையும் சாக்கெட் மாற்றிப் போட்டுப் பிழை எதைத் தொடர்கிறது என்று பார்க்கலாமா என்று கேட்டேன். அந்தச் சோதனை சரியானதுதான், ஆனால் நன்றாக இருக்கும் முதல் சாக்கெட்டையும் திறந்து இரண்டு முறை கை வைக்க வேண்டியிருக்கும், புதியதைப் போட்டுப் பிழை தொடர்ந்தால் மட்டும் அதைச் செய்யலாம் என்றார். இந்த நிதானத்தை எந்தக் கையேட்டிலும் எழுதி வாங்க முடியாது.

பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை உதிராத துணியால் துடைத்தார்; ஒரே துணியைத் திருப்பித் திருப்பித் தேய்க்காமல் மூன்று துணிகள் மாற்றினார். புதிய பிராசசரைத் தாங்கியில் வைக்கும்போது மூலையில் உள்ள முக்கோணக் குறிகளை ஒன்றுக்கொன்று நேராக்கினார், அளந்து வந்திருந்த பேஸ்டை இட்டார், நட்டுகளை முதலில் விரலால் பிடிக்கும் அளவுக்குத் திருகிவிட்டு, பிறகு எண் வரிசையில் இறுக்கினார். நான்கு நட்டுகள், நான்கு "க்ளிக்". அந்தச் சத்தத்துக்காகத்தான் நான்கு நாள் காத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

முதல் துவக்கத்தில் திரை ஏழெட்டு நிமிடம் கறுப்பாகவே இருந்தது. பிராசசர் மாறிய பின் மெமரியை மீண்டும் பழக்கப்படுத்த நேரம் எடுக்கும். பயந்துபோய் இடையில் மின்சாரத்தை அணைத்துவிடக் கூடாது. பிறகு மெமரியின் மொத்த அளவு, இரண்டாவது பிராசசரோடு இணைந்த விரிவாக்க ஸ்லாட்டில் உள்ள நெட்வொர்க் கார்டு ஆகியவற்றைச் சரிபார்த்தோம். அந்தப் பிராசசர் இல்லாவிட்டால் அந்த ஸ்லாட்டுகளும் இல்லை. ஒரு நாள் முழுவதும் சுமை கொடுத்து ஓட்டியதில் இரு பிராசசர்களின் வெப்பநிலையும் மூன்று டிகிரிக்கு மேல் விலகவில்லை, திருத்தப்பட்ட பிழை ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

உத்தரவாதம் முடிந்த சர்வருக்கு இதே சேவையைத் தனியாக வாங்கலாமா, நாமே செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: கருவியும் பொறுமையும் இருந்தால் நாமே செய்யலாம், ஆனால் பயன்படுத்திய பிராசசரை வாங்குமுன் விசாரியுங்கள். ஏஎம்டி நிறுவனத்தின் எபிக் என்ற சர்வர் பிராசசர்களில் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் என்ற வசதி உண்டு. அதை இயக்கிய தயாரிப்பாளரின் சர்வரில் ஒருமுறை ஓடிய பிராசசர், அந்த நிறுவனத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டுவிடும். வேறு நிறுவனத்தின் போர்டில் அது துவங்காது. எபிக்கின் எஸ்பி3 சாக்கெட்டில் பொருத்தும் முறையும் வேறு: பிராசசர் ஹீட்சிங்கோடு வராது, தனிச் சட்டத்தில் சறுக்கி நுழையும், சட்டத்தை 1, 2, 3 என எண்ணிட்ட மூன்று திருகுகள் அந்த வரிசையிலேயே பிடிக்க வேண்டும்.

மதிப்பெண் என்று கேட்டால், தொலைபேசி உதவிக்கு ஐந்தில் இரண்டு தருவேன். பாகம் வந்து சேர்ந்த வேகத்துக்கும் பொதிந்த விதத்துக்கும் ஐந்து. நேரில் வரும் சேவைக்கு ஒரே எண்ணைத் தர என்னால் இயலவில்லை, முதல் வருகைக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஐந்து. சராசரி போட்டு மூன்று என்று எழுதினால் இரண்டு பேருக்குமே பொருந்தாது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறோம். கருத்துப் படிவத்தில், பாகத்தோடு டார்க் ஸ்க்ரூடிரைவரையும் அனுப்பி, பழைய பாகத்தோடு அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு எழுதினேன். நன்றி தெரிவித்துத் தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. 8 இன்ச்-பவுண்டுக்கு வைத்த டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை நாங்களே வாங்கி, எந்தச் சாக்கெட்டுக்கு என்று சீட்டு ஒட்டி, ரேக்கின் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம்.