பாரிஸ் எஃப்சி ஆட்டம் பார்க்க: சார்லெட்டியும் ழான் பூவானும்

பாரிஸ் உதைபந்தாட்டம் என்றால் எல்லாருக்கும் பிஎஸ்ஜிதான் (பாரிஸ் சான் ழெர்மான்) ஞாபகம் வரும். நான் எழுதுவது இந்த நகரத்தின் மற்ற அணியைப் பற்றி, பாரிஸ் எஃப்சி. 2023 நவம்பரில் சார்லெட்டி மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களுக்கு டிக்கெட்டை இலவசமாக்கினார்கள், அந்தக் குளிருக்குள் மகனைக் கூட்டிக்கொண்டு முதல்முறை போனேன், அதற்குப் பிறகு விடவில்லை. இப்போது அணி பிரான்சின் முதல் பிரிவான லீக் 1-க்கு ஏறிவிட்டது, மைதானமும் ழான் பூவானுக்கு மாறிவிட்டது. இரண்டிலும் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சார்லெட்டிக்குப் போவது எங்கள் ஆட்களுக்கு மிகச் சுலபம். தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பலில் சாமான் வாங்கிவிட்டு, பக்கத்துக் கார் து நோர் நிலையத்தில் ஆர்இஆர் பி ரயில் ஏறினால் எங்கும் மாறாமல் சித்தே யூனிவெர்சித்தேரில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சரி. 1994-இல் புதிதாகக் கட்டிய இடம், சாய்ந்து நிற்கும் விளக்குக் கோபுரங்களைத் தூரத்திலேயே அடையாளம் பிடிக்கலாம். ஆனால் அடிப்படையில் அது ஓட்டப் போட்டிக்கான மைதானம். புல்லுக்கும் கதிரைக்கும் நடுவில் ஓடுபாதை கிடக்கிறது. கோலுக்குப் பின்னால் இருந்தால், எதிர்ப்பக்கத்தில் பந்து உள்ளே போனதா இல்லையா என்பதை மற்றவர்கள் எழும்புவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எவ்வளவு கத்தினாலும் சத்தம் கலைந்துபோய்விடும்.

ஆனாலும் அந்த இடத்தில் எனக்குப் பெரிய பிரியம். ஒருநாள் எங்களுக்கு முன்வரிசையில் ஒரு தாய் நாலு பிள்ளைகளோடு வந்திருந்தார். பாணைப் பிய்த்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே, கண்ணைப் புல்லை விட்டு எடுக்காமல் ஆட்டம் பார்த்தார், கடைசித் துண்டை என் மகனுக்கும் நீட்டினார். ஐந்து டிக்கெட் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் அந்தக் குடும்பம் வந்திருக்குமா என்று அடிக்கடி யோசிப்பேன்.

ழான் பூவானுக்கு வருவோம். இதிலும் சார்லெட்டி அளவுக்கு, சுமார் 20,000 பேர்தான் இருக்கலாம், ஆனால் ஆட்டம் பார்க்கும் அனுபவம் வேறு. 1912 ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் வெள்ளி வென்று, 1914-இல் போரில் இறந்த ஓட்டக்காரரின் பெயர் இது, ஆனால் இப்போது உள்ளே ஓடுபாதை கிடையாது. 2013-இல் ருடி ரிச்சியோட்டி திருப்பிக் கட்டியபோது வெளிப்பக்கம் முழுக்கக் கொங்கிரீட்டில் வலை பின்னியதுபோல் போர்த்திவிட்டார், மாலை வெயில் அதற்குள்ளால் விழும்போது சும்மா நின்று பார்க்கலாம். ஸ்தாத் பிரான்சே ரக்பி அணியின் வீடும் இதுதான். முன்வரிசைகளில் இருந்தால் கார்னர் அடிக்க வருகிறவர் பந்தை வைத்துவிட்டுக் காலுறையை இழுத்துவிடுவது வரைக்கும் தெரிகிறது. கோல்கீப்பர் தன் ஆட்களைப் பார்த்துக் கத்துவதும் கேட்கும். 2025 ஆகஸ்ட் 31-இல் இங்கே நடந்த முதல் லீக் 1 ஆட்டத்தில் மெட்ஸை 3-2 என்று வென்றார்கள்.

வாசலில் நின்றால் தெருவுக்கு அந்தப்பக்கம் பிஎஸ்ஜியின் மைதானம், பார்க் தெ ப்ரான்ஸ். அங்கேதான் எனக்கு மனம் கனக்கும். 1970-இல் பாரிஸ் எஃப்சியும் ஸ்தாத் சான் ழெர்மானும் சேர்ந்து உருவானதுதான் பிஎஸ்ஜி. 1972-இல் பிரிந்தபோது முதல் பிரிவு இடம் பாரிஸ் எஃப்சிக்குக் கிடைத்தது, பிஎஸ்ஜி மூன்றாம் பிரிவுக்குப் போனது, பார்க் தெ ப்ரான்ஸில் ஆடியது எங்கள் அணி. இரண்டே வருடம். 1974-இல் எங்கள் அணி இறங்க, பிஎஸ்ஜிக்காரர் முதல் பிரிவுக்கு ஏறினார்கள், அந்த வீடும் அவர்களுடையதாகிவிட்டது. 1978-79-இல் எங்கள் அணி ஒரு பருவம் மட்டும் மேலே வந்து போனது, அப்புறம் 46 வருடம் கீழேதான். 2025 மே 2-இல் மார்த்திக் அணியோடு அவர்கள் ஊரில் 1-1 என்று முடித்து ஏறியபோது வீட்டில் நாங்கள் துள்ளியதைச் சொல்லி முடியாது. அடுத்த நாளே எங்கள் பெண்கள் அணி பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் பிஎஸ்ஜியைப் பெனால்டியில் வென்றது.

ஆட்டத்தை மட்டும் வைத்துச் சொன்னால் ழான் பூவானுக்கு 5-க்கு 4 கொடுப்பேன், சார்லெட்டிக்கு இரண்டரை. 2024-இல் பெரும் பணக்காரரான ஆர்னோ குடும்பம் கழகத்தை வாங்கிய பிறகு பணத்துக்குக் குறைவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதி, பிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்குக் கதிரை ஒதுக்கப் போக வேண்டும். சார்லெட்டிக்குக் குளிரில் வந்து கத்தியவர்கள் அவர்கள்தான்.

ழான் பூவானுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மெட்ரோ 4 எடுத்து, ஓதேயோனில் 10-க்கு மாறி, போர்த் தோத்தேய்யில் இறங்குங்கள். திரும்பும்போது அதே நிலையத்துக்குப் போய் நிற்காதீர்கள், அந்தப் பகுதியில் 10-ஆம் பாதை ஒருவழியாகத்தான் ஓடுகிறது. நகரத்துக்குள் வரும் ரயிலை மிஷெல் ஆன்ஷ் மொலிட்டோரில் பிடிக்க வேண்டும்.